சுவருக்குச் சொன்ன சொல்

மலைமேல், மஞ்சக்குட்டையைத் தாண்டி இருந்த அந்தக் காப்பி எஸ்டேட்டில், ஒன்றோடு ஒன்று ஒட்டிய லயன் வீடுகளைக் கட்டிய மகராசன் யாரென்று தெரியவில்லை. கூரை வரைக்கும் சுவரை ஏற்றினால் செங்கல் வீண் என்று நினைத்தான் போலிருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் எழுப்பி, அதோடு கை கழுவிவிட்டான். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளி வழியாக ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்குப் போகும். புகை போகிற வழியில் பேச்சு போகாமல் இருக்குமா? இங்கே குழந்தை தும்மினால் அங்கேயிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும்.

பூவாயி 1972-இல் கல்யாணமாகி அந்த லயனின் கடைசி வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கணவன் வேடியப்பனுக்குப் பல்பரில் வேலை. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷின் ஓடும் கொட்டகைக்கு அங்கே அதுதான் பெயர். கடைசி வீடு என்பதால் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் ஒன்றே ஒன்றுதான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மருதாயி இருந்தாள்.

மருதாயி, பூவாயியை விடப் பத்து வயது மூத்தவள். அவள் புருஷன் நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறி, விழுந்து செத்துப்போனான். பிள்ளை குட்டி கிடையாது. தோட்டத்தில் களை வெட்டுவாள், பழம் எடுப்பாள், வீடு திரும்பியதும் பேச ஆள் இல்லாமல் சுவரோரமாக உட்கார்ந்துகொள்வாள். கெட்டவள் என்று வாய் தவறிக்கூடச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்தவர் வீடு, அடுத்தவர் பேச்சு, அடுத்தவர் தூக்கம் என்று உலகத்தில் சில சங்கதிகள் உண்டு என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை புரியாமலே இருந்தது.

கல்யாணமான மூன்றாம் நாள் மருதாயி கொடுத்தனுப்பிய குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. பூவாயி அதைப் புருஷன் காதோரமாகத்தான் சொன்னாள்.

"நாளைக்குக் கொறைச்சுப் போடறேன் கண்ணு" என்றது சுவர்.

பூவாயிக்கு வெட்கத்தில் உயிரே போயிற்று. மறுநாள் குழம்பு வந்ததும், சுவர் பக்கம் திரும்பி, "நொம்ப நல்லா இருக்குதுங்கக்கா" என்று சத்தமாகச் சொன்னாள். சொல்லும்போது, என்ன தோன்றியதோ, புருஷனைப் பார்த்துக்கொண்டே மூக்குத்தியைத் தொட்டாள். வேடியப்பனுக்குப் புரிந்துவிட்டது. இது வாயில் இருந்து வருகிற பேச்சு, சுவருக்குப் போகிற பேச்சு, நமக்கு இல்லை. அவன் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு விதமான பேச்சு. மூக்குத்தியைத் தொட்டால் சுவருக்கு. தொடாவிட்டால் நிஜம். "ஞாயித்துக்கெழம நீங்களும் வாங்கக்கா, சேந்து ஒண்டிக்கடைச் சந்தைக்குப் போலாம்" என்பாள், கை மூக்குக்குப் போகும். "சக்கர தீந்துபோச்சுங்கக்கா" என்பாள், கை மூக்குக்குப் போகும். புருஷன் பெண்சாதிக்கு என்று அந்த வீட்டில் தனியாக இருந்த சொத்து அந்த ஒரு ஜாடை மட்டும்தான். அது அவர்களுக்குப் போதுமானதாகவும் இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

நேரடியாகச் சொல்லிவிடலாமே, அக்கா எங்கள் பேச்சில் தலையிடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்கலாம். சொல்லலாம்தான். 1974 ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை, பாதை சரிந்து ஜீப் வரவில்லை, பூவாயிக்கு வலி வந்துவிட்டது. கேட்டுவிட்டு ஓடிவந்தது அந்தச் சுவருக்கு அப்பால் இருந்த காதுதான். தலை திரும்பாமல் நின்ற பிள்ளையை இழுத்து வெளியே போட்டது மருதாயியின் கைதான். பதினைந்து நாள் வெறும் தரையில் படுத்து வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அப்படிப்பட்டவளிடம் எந்த வாயால் சொல்வது? அந்தப் பிள்ளைக்கு முத்தாயி என்று தன் அம்மா பெயரை வைக்க வேண்டும் என்று பூவாயி ஆசைப்பட்டிருந்தாள். அதற்குள் மருதாயி எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போய்க் காவேரி என்று எழுதச் சொல்லிவிட்டு வந்தாள். பூவாயி, "நல்ல பேருங்கக்கா" என்றாள். கை மூக்குக்குப் போயிற்று.

இதையெல்லாம் பூவாயி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது 1979-இல் நடந்தது.

மலையடிவாரத்தில், குப்பனூரில், அவளுடைய தாய்மாமன் காளியண்ணனுக்கு இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. வாரிசு இல்லாத மனுஷன். வேடியப்பனைக் கூப்பிட்டனுப்பி, இங்கே வந்து வெள்ளாமை பாருங்கள், வீடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், எனக்குப் பிறகு உங்களுக்குத்தான் என்றார். வேடியப்பன் மலையேறி வந்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தகப்பன், பாட்டன் எல்லாரும் அடுத்தவன் தோட்டத்தில் வேலை செய்தே போனவர்கள். தனக்கென்று ஒரு கிணறு, ஒரு வரப்பு.

அந்திநேரம். பூவாயி ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். பானை அசையாமல் கவைக்கம்பைக் குறுக்கே கொடுத்துக் காலால் மிதித்துப் பிடித்து, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். நடுவில் கையை எடுத்தால் கட்டி தட்டிப்போகும். வேடியப்பன் அவள் பக்கத்தில் குந்தி, மூச்சுக்காற்றில் பேசுகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்குள்ளே ஏதோ துள்ளியது. சுவர் முழு உயரத்துக்கு இருக்கிற ஒரு வீடு. அவள் மனசு அந்தக் கணமே மூட்டை கட்டிவிட்டது.

அப்போது சுவருக்கு அப்பால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"என்னய உட்டுப்போட்டு போயிருவியா கண்ணு? எனக்கு யாரு இருக்கறா?"

நேரில் வந்து சண்டை போட்டிருந்தால்கூடப் பூவாயி பதில் சொல்லியிருப்பாள். அழுகையை என்ன செய்வது? மழைநாளும் வெந்நீரும் கண் முன்னால் வந்தன. "நா எங்கியும் போவலீங்கக்கா. எனக்கு இந்த மலைய உட்டு எறங்கவே புடிக்கல" என்று சத்தமாகச் சொன்னாள்.

இரண்டு கையும் துடுப்பில் இருந்தன.

வேடியப்பன் அவள் மூக்கைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். அவள் கண்ணால் சொன்னாள், ஆனால் அடுப்புப் புகையில் அந்தக் கண் வெறுமனே கலங்கித்தான் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். களியை இறக்கிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். களியை இறக்குவதற்குள் மருதாயியே வந்து நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, காவேரியை மடியில் போட்டுக்கொண்டு. அவள் போவதற்குள் வேடியப்பன் தூங்கிவிட்டான். விடியும் முன்பே எழுந்து, இறங்குதடம் வழியாகக் குப்பனூருக்கு நடந்துபோய், எங்களுக்குத் தோதுப்படாதுங்க மாமா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

சொன்ன சொல் அவ்வளவுதான். காளியண்ணனுக்கு ரோஷம். ஒரே மாதத்தில் தன் பெரியப்பன் வழிப் பேரன் சென்றாயனைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இதைத்தான் பூவாயி பின்னால் ஆயிரம் தடவை தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். நிலம் போன பிறகு சொன்னால் அவன் வயிறு எரியுமே என்று ஒரு வருஷம் போயிற்று. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பானே என்று இன்னும் சில வருஷம் போயிற்று. வேடியப்பன் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் அவள் சுவருக்குப் பேசும்போது அவள் மூக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டான். பார்க்க ஆள் இல்லாத ஜாடை எதற்கு? அவளும் விட்டுவிட்டாள்.

அதற்குள் அவன் காது போக ஆரம்பித்தது. பல்பர் சத்தம் சும்மா விடுமா? எண்பத்தாறில் இடது காது மந்தம். எண்பத்தொன்பதுக்குள் இரண்டும் அடைத்துவிட்டன. காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால்தான் உண்டு. பதினேழு வருஷம் மூச்சுக்காற்றில் பேசிய மனுஷன், தன் குரலே தனக்குக் கேட்காமல் லயன் முழுக்க அதிரப் பேசினான். அவனிடம் பூவாயி எதையாவது சொல்ல வேண்டுமென்றால், முதலில் அது மருதாயிக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே பூவாயி சோறு, தண்ணி, சட்டை, செருப்பு என்று நாலைந்து வார்த்தையோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். பேசாத மீதியை மருதாயி பேசினாள். அவளுக்குக் கத்துவதில் கூச்சமே கிடையாது. அவன் காதில் உரக்கப் பேசி, அவன் சொல்வதைப் பூவாயிக்குத் திருப்பிச் சொல்லி, புருஷன் பெண்சாதிக்கு நடுவில் தபால்காரி மாதிரி ஆகிவிட்டாள். பூவாயிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வெளியே சிரிப்பாள்.

தொண்ணூற்றிரண்டில் காவேரிக்குக் கல்யாணமாயிற்று. பூவாயி மூக்குத்தியைக் கழற்றி மகளுக்குப் போட்டுவிட்டு, துளை மூடாமல் இருக்க ஒரு துண்டு ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

மறு வருஷம் காளியண்ணன் வீட்டு உறவில் ஒரு கல்யாணம். குப்பனூருக்கு வாடகை ஜீப்பில் பத்துப் பேர் இறங்கினார்கள். மருதாயி வராமல் இருப்பாளா? புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். அடிவாரம் வந்ததும் ரோட்டோரத்தில் அந்த நிலம் தெரிந்தது. தென்னை இருபது, வாழை, கிணற்றுமேட்டில் மல்லிகை, ஓட்டு வீடு. வாசலில் சென்றாயனின் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தன.

வேடியப்பன் எட்டிப் பார்த்தான். "நீ வேண்டான்ன எடம்" என்றான். அவன் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பான். ஜீப்பில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "நா வெள்ளாம பண்ணிப் பொழைக்க லாயக்கில்லீனு நீ நெனச்சுட்டே. செரி, உடு."

பூவாயிக்கு அப்போதுதான் தெரிந்தது. நிலம் போனதுதான் தன் தப்பு என்று பதினான்கு வருஷமாக நினைத்திருந்தாள். இந்த மனுஷன் அதைவிடப் பெரிய ஒன்றை இத்தனை காலம் சுமந்திருக்கிறான். தன் பெண்சாதி தன்னைக் கையாலாகாதவன் என்று எடை போட்டுவிட்டாள் என்று நினைத்து, அதற்குப் பிறகும் அவள் போட்ட சோற்றை ஒரு சொல் சொல்லாமல் தின்றிருக்கிறான். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மருதாயி அவன் காதில் வாயை வைத்துவிட்டாள்.

"அவளுக்கு மலக்காத்து இல்லாம ஆவாதுங்க. என்னய உட்டுப்போட்டு வருவாளா அவ?"

ஜீப் சிரித்தது. பூவாயி மட்டும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். கல்யாண வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மலைக்குத் திரும்பிய பிறகு மூன்று நாள் தூக்கமும் இல்லை. மருதாயி மேல் கோபம் வந்தது, மாமன் மேல் வந்தது, அந்த ராகிக் களி மேல்கூட வந்தது. கடைசியில் எல்லாக் கோபமும் ஒரே இடத்துக்கு வந்து நின்றது. இவ்வளவு வருஷமும் தலையாட்டியது யார்? தான்தானே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூவாயி தன் வீட்டில் இருந்து இறங்கி, சுற்றிக்கொண்டு போய், மருதாயி வீட்டு வாசலில் நின்றாள். சேதி சொல்ல அவள் அப்படி வந்ததே இல்லை. எல்லாம் சுவர் வழியாகத்தான்.

"எதுக்குச் சுத்திக்கிட்டு வர்றே? அங்கிருந்தே சொல்றது" என்றாள் மருதாயி.

"அக்கா, நா அவருகிட்டப் பேசோணும்."

"பேசு. யாரு வேண்டாங்கறா?"

"நீங்க கேக்காம பேசோணுங்கக்கா. கொடத்த எடுத்துக்கிட்டுச் செத்த நேரம் கொழாய்க்குப் போயிட்டு வாங்க."

அடி வாங்கின குழந்தை மாதிரி மருதாயியின் முகம் சுருங்கியது. "உங்கூட்டுல எனக்குத் தெரியாதது என்ன இருக்குது?" என்று கேட்டாள்.

"இது ஒண்ணு இருக்குதுங்கக்கா." பூவாயி வாசலை விட்டு நகரவில்லை.

மருதாயி குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். குழாய் லயனின் மறுகோடியில் இருந்தது. அவள் அங்கே போய்ச் சேரும் வரை பார்த்திருந்துவிட்டுப் பூவாயி உள்ளே வந்தாள்.

வேடியப்பன் கட்டிலில் உட்கார்ந்து காலில் அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். அவள் எதிரே நின்று வாயைத் திறந்தாள். கத்துவதற்குத்தான் ஒருத்தியை வீட்டை விட்டே அனுப்பியிருந்தாள். ஆனால் குரல் எழும்பவில்லை. இருபத்தோரு வருஷம் அடக்கிப் பழகின தொண்டை அது, சொன்னவுடன் வருமா? சரி என்று தரையில் உட்கார்ந்தாள். இல்லாத பானையைக் காலால் அண்டக்கொடுத்து, இல்லாத துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினாள்.

"களியா? இந்நேரத்துக்கா?" என்றான் அவன்.

அவள் தலையாட்டி மறுத்தாள். சுவரைக் காட்டினாள். கண்ணைக் கசக்கி மருதாயி அழுவது போல் செய்தாள். மறுபடியும் துடுப்பைப் பிடித்தாள். போகவில்லை, போகவில்லை என்று சுவரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். பிறகு இரண்டு கையையும் அவனிடம் தூக்கிக் காட்டினாள், பாருங்கள், இந்தக் கை எங்கே இருந்தது பாருங்கள் என்பது போல. கடைசியாக வலது கையை எடுத்து மூக்கைத் தொட்டாள். விரலில் ஈர்க்குச்சிதான் பட்டது.

வேடியப்பன் சுண்ணாம்புக் கையோடு அப்படியே இருந்தான்.

"அது செவுத்துக்குச் சொன்னதா?" என்றான்.

அவள் தலையசைத்தாள்.

"அப்ப, வந்திருப்பியா?"

"வந்திருப்பேனுங்க!" குரல் இப்போது வந்தது. எங்கே இருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஓட்டில் இருந்த புறா பறந்தது. "நீங்க பாற மேல வெதச்சாலும் வெளைய வெப்பீங்கனு எனக்குத் தெரியுமுங்க!"

அது அவனுக்குக் கேட்டது. அவன் முகம் முதலில் மலர்ந்தது. அப்புறம் கோணிக்கொண்டது. சின்னப் பிள்ளை மாதிரி அவன் கண்ணில் நீர் முட்டியது.

"காதுல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள" என்றான். "அப்ப எனக்குக் காது கேட்டுச்சே."

அவள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவள் தலையில் கையை வைத்தான், சுண்ணாம்பு ஒட்டியது. கொஞ்ச நேரம் கழித்து, அவன் நினைப்பில் முணுமுணுப்பாக, லயன் முழுக்கக் கேட்கும்படி, "மருதாயி அழுவாளேன்னா நாம போவாம இருந்தோம்?" என்றான்.

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மருதாயி குழாயை மூடவில்லை.

அன்றைக்கு அவள் வீடு திரும்பியது சுவருக்கு இந்தப் பக்கம் தெரியவே இல்லை. செருமல் இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. தோட்டத்தில் வேறு வரிசைக்குப் போய்க் களை வெட்டினாள். இவ்வளவு காலம் வேண்டிக் கிடைத்த அமைதி அது. தான் சொன்னது தப்பில்லை என்று பூவாயிக்குத் தெரியும். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் அவள் தயாராக இல்லை. ஆனாலும், பிள்ளையை இழுத்துப் போட்ட அந்தக் கை இப்போது தனியாக உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து புருஷனும் பெண்சாதியும் வீட்டுக்குள் நுழைந்தபோது உள்ளே என்றைக்கும் இல்லாத இருட்டு. அண்ணாந்து பார்த்தார்கள். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை, பழைய காப்பிச் சாக்குகள் வரிசையாகத் தொங்கின. கோணி ஊசியால் ஒன்றோடு ஒன்று தைத்து, விட்டத்தில் கட்டியிருந்தது. தையல் அவ்வளவு சீராக இல்லை.

பூவாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேடியப்பன் அவள் பக்கத்தில் நின்றான்.

சாக்குக்கு அப்பால் இருந்து, தயங்கித் தயங்கி, குரல் வந்தது.

"பூவாயி... சாக்குப் போதுமா கண்ணு? இப்பக் கேக்காதில்ல?"

ஒரு சொல் விடாமல் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. பூவாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"போதுங்கக்கா" என்று சத்தமாகச் சொன்னாள். "ஒண்ணுமே கேக்கல."

அவள் வாய் சுவர் பக்கம் திரும்பியிருந்தது. வலது கை தானாக எழுந்து மூக்கைத் தொட்டது. வேடியப்பனுக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. ஆனால் அவன் அவள் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.